பிரிந்துபோன இரு பாதைகள்: சென்னை மதரஸாக் கல்வியின் இரு நூற்றாண்டுகள்

'மார்க்கக் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு' என்னும் வழக்கு நம் மஹல்லாக்களில் மிக இயல்பாகப் புழங்கி வருகிறது. பிள்ளையை ஓத வைப்பதா, படிக்க வைப்பதா என்று பெற்றோர் கேட்கின்றனர். ஓதுதலும் படித்தலும் ஒரே பொருளுடைய இரு சொற்களாக இருந்த காலம் ஒன்று உண்டு என்பது இக்கேள்வியைக் கேட்பவர்க்கு நினைவில்லை. பதில் கூறும் ஆலிம்களிலும் பலர் இப்பிரிவினையை மார்க்கமே வகுத்தளித்தது போல எண்ணிக்கொள்கின்றனர். மதரஸாக்களைக் குறை கூறும் நவீனக் கல்வியாளரும் அவ்வாறே எண்ணுகின்றனர். இவ்விரு சாராரும் உடன்படும் ஒரே செய்தி இதுவாகத்தான் இருக்கும்!

எனினும் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. இப்பிரிவினைக்கு ஒரு காலம் உண்டு. ஓர் இடம் உண்டு. தெளிவான காரணங்களும் உண்டு. அது சென்னை மாநகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்திற்குள் நிகழ்ந்தது. அதனை ஆராய்ந்தறிவது இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வளர்ந்துவரும் நம் பிள்ளைகளின் கல்வியைத் தீர்மானிக்கப் பெரிதும் துணைபுரியும் என்பது நம் துணிபு.

பள்ளி என்னும் சொல்

மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியை ஒட்டி அமைந்த திண்ணையில் தங்கிக் கற்ற தோழர்களை 'அஹ்லுஸ் ஸுஃப்பா' என வரலாறு குறிக்கிறது. தொழுமிடமே கற்குமிடமாகவும் விளங்கிற்று. பத்ருப் போரில் சிறைப்பட்ட குறைஷிகளுள் ஈட்டுத்தொகை தர இயலாதவர்கள், எழுத்தறிந்தவர்களாயின், மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுதப் படிக்கக் கற்பித்து விடுதலை பெறலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இசைந்த செய்தியை ஸீரா நூல்கள் பேசுகின்றன. அவ்வாசிரியர்கள் முஸ்லிம்கள் அல்லர். அவர்கள் கற்பித்ததும் மார்க்கம் அன்று, வெறும் எழுத்தறிவு. அவ்வெழுத்தறிவுக்கு ஒரு மனிதனின் விடுதலை விலையாக வைக்கப்பட்டது என்பது சிந்தனைக்குரியது.

நம் தமிழ் மொழியும் இதே உண்மைக்குச் சான்று பகர்கிறது. சமணர் காலந்தொட்டு வழங்கிவரும் 'பள்ளி' என்னும் சொல்லையே நம் முன்னோர் தொழுமிடத்திற்கும் ஏற்றனர். பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்னும் இரண்டும் ஒரே வேரிற் கிளைத்தவை. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் லெப்பைமார்கள் குர்ஆனோடு அரபுத்தமிழும் எழுதக் கற்பித்தனர். வணிகக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் அந்த எழுத்தில் நடைபெற்றன. கீழக்கரையில் அரூஸிய்யா மதரஸாவை வளர்த்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் ஸெய்யிது முஹம்மது ஆலிம் (1816-1898) அரபுத்தமிழில் இயற்றிய நூல்கள், ஆண் பெண் இருபாலாருக்கும் வீட்டுப் பாடநூல்களாகப் பயன்பட்டன.

வட தமிழகத்தில் நிலைமை சற்று வேறுபட்டிருந்தது. கோல்கொண்டா குத்புஷாஹி ஆட்சி இப்பகுதியில் பரவிய காலத்தில், மீர் ஜும்லாவின் ஆளுகையில், 1653இல் பூவிருந்தவல்லியில் பள்ளிவாசல் ஒன்று எழுந்தது. அதன் பாரசீகக் கல்வெட்டு இன்றும் அக்காலத்தை நினைவூட்டுகிறது. பாரசீகம் அப்போது ஆட்சிமொழி, வருவாய்க் கணக்கின் மொழி, நீதியின் மொழி. ஆகவே பாரசீகம் கற்பித்த ஆசிரியர் ஒரே வேளையில் மார்க்க அறிஞராகவும் உத்தியோகத்திற்கு ஆள் ஆயத்தப்படுத்துபவராகவும் விளங்கினார்.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்ட ஆட்சியர்கள் வாயிலாக நாட்டுக் கல்வி நிலையங்களைக் கணக்கெடுக்கச் செய்தார். 1826இல் அவர் வரைந்த குறிப்பில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,000-க்கும் மேற்பட்ட மாணாக்கரும் இருந்ததாகக் காணப்படுகிறது. முஸ்லிம் மாணாக்கர் தனியே எண்ணப்பட்டனர். திண்ணைப் பள்ளிகளும் பாரசீகப் பள்ளிகளும் அக்கணக்கில் அருகருகே இடம்பெற்றன. 'மதச் சார்பற்ற பள்ளி', 'மதப் பள்ளி' என்னும் இன்றைய வகைப்பாட்டை அக்காலத்துத் திண்ணைகளின் மீது பொருத்திப் பார்ப்பது எளிதன்று.

திருவல்லிக்கேணிக்கு வந்த பாடத்திட்டம்

இன்று தமிழக அரபுக் கல்லூரிகள் பலவற்றில் பயிற்றப்படும் 'தர்ஸே நிஜாமி' பாடத்திட்டத்தை வகுத்தவர் லக்னோ ஃபிரங்கி மஹலைச் சேர்ந்த முல்லா நிஜாமுத்தீன் ஸிஹாலவி (மறைவு 1748). அப்பெருமகனாரின் புதல்வரே சென்னைக்கு வந்து வாழ்ந்து மறைந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பெயர் அப்துல் அலீ; 'பஹ்ருல் உலூம்', அதாவது அறிவுக்கடல், என்பது அவருடைய சிறப்புப் பெயர். லக்னோவிலிருந்து ஷாஜஹான்பூர், ராம்பூர், வங்காளத்துப் புஹார் ஆகிய ஊர்களில் கற்பித்தபின், ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்தார். நவாப் அவருக்கென மதரஸா ஒன்றை நிறுவித் தந்தார். 1810இல் மறைந்த அவருடைய அடக்கத்தலம் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலை ஒட்டியே உள்ளது. உஸூலுல் ஃபிக்ஹில் அவர் எழுதிய 'ஃபவாத்திஹுர் ரஹமூத்' என்னும் விரிவுரை அரபுலகிலும் மதிக்கப்படுகிறது. தர்க்கக் கலையில் 'ஸுல்லமுல் உலூம்' என்னும் நூலுக்கும், மௌலானா ரூமியின் மஸ்னவிக்கும் அவர் உரை வரைந்துள்ளார்.

அவருடைய தந்தையார் வகுத்த பாடத்திட்டத்தில் என்னென்ன இருந்தன என்பது நோக்கத்தக்கது. ஸர்ஃபு, நஹ்வு, பலாகத் ஆகிய மொழிக் கலைகள். ஃபிக்ஹு, உஸூல், தஃப்ஸீர், ஹதீஸ், கலாம் ஆகிய மார்க்கக் கலைகள். இவற்றோடு மன்திக் எனப்படும் தர்க்கமும், ஹிக்மத் எனப்படும் மெய்யியலும் இயற்கைத் தத்துவமும் பெரும்பங்கு வகித்தன. பஹாவுத்தீன் ஆமிலியின் 'குலாஸத்துல் ஹிஸாப்' கணிதப் பாடநூலாக அமைந்தது. யூக்ளிடின் வடிவ கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. ஹதீஸ் பகுதியைக் காட்டிலும் தர்க்கமும் தத்துவமும் மிகுந்திருந்தன என்றே பிற்கால உலமாக்கள் சிலர் அதன்மீது குறை கூறினர்.

அக்கால அரசுக்குத் தேவையான காஜியும் முஃப்தியும் முன்ஷியும் வருவாய் அலுவலரும் இந்த ஒரே பாடத்திட்டத்திலிருந்தே வெளிவந்தனர். ஆகவே, தர்ஸே நிஜாமி தன் காலத்தில் ஒரு நவீனக் கல்வித் திட்டமாகவே விளங்கிற்று எனலாம். அதன் கணிதமும் வானியலும் பழமையாகிப் போனது காலத்தின் இயல்பு. பழமையானவற்றை நீக்கியபின் அவ்விடத்தில் புதியவற்றை அமர்த்தாமல் விட்டது பின்னாளில் நேர்ந்தது.

ஒரு மதரஸாவின் உருமாற்றம்

1835இல் மெக்காலேயின் குறிப்பு வெளிவந்தது. 1837இல் பாரசீகம் ஆட்சிமொழித் தகுதியை இழந்தது. அலுவலகத்தின் வாயில் பாரசீகம் கற்றவனுக்கு மெல்ல மூடலாயிற்று. இச்சூழலில், 1849இல் கர்நாடகத்தின் கடைசி நவாப் குலாம் முஹம்மது கௌஸ் கான், சென்னையில் 'மதரஸா-ஏ-ஆஸம்' என்னும் பெருங்கல்வி நிலையத்தை ஏற்படுத்தினார். அரபும் பாரசீகமும் அறிந்த அவையினரைக் கொண்டிருந்த நவாபின் இம்முயற்சி, பழைய மரபைப் புதிய காலத்திற்குக் கொண்டுசெல்லும் பாலமாக அமைந்திருக்கக் கூடும்.

ஆனால் 1855இல் நவாப் வாரிசின்றி மறைந்தார். டல்ஹௌசி ஆளுகையில் நவாப் பட்டம் ஒழிக்கப்பட்டது. சேப்பாக்கம் அரண்மனை அரசின் உடைமையாயிற்று. மதரஸாவும் ஆங்கில அரசின் பொறுப்பில் சென்றது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின், மெட்ரிகுலேஷன் தேர்வே கல்வியின் அளவுகோலாயிற்று. அத்தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் பள்ளியாக மதரஸா-ஏ-ஆஸம் மாறியது. அண்ணாசாலையை ஒட்டிய உம்தா பாகில் அது நிலைபெற்றது. முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் அதன் வளர்ச்சியாக அரசு முஹம்மதியக் கல்லூரி உருவாயிற்று. விடுதலைக்குப்பின் அக்கல்லூரி பொதுவான அரசு கலைக் கல்லூரி ஆயிற்று. 1974இல் உம்தா பாக் வளாகத்தில் காயிதே மில்லத் பெயரால் அரசு மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது.

இவ்வுருமாற்றத்தை இழப்பு என்று மட்டும் சொல்லிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. உம்தா பாக் கல்லூரியில் கற்ற தென்னிந்திய முஸ்லிம் இளைஞர் பலர் வழக்கறிஞர்களாகவும் நிர்வாகிகளாகவும் பேராசிரியர்களாகவும் உயர்ந்தனர். நவாபின் பெயரோடு இணைந்த மண்ணில் இன்று எல்லாச் சமயத்து ஏழைப் பெண்மக்களும் பட்டம் பெறுகின்றனர். இது பெரும்பேறு. ஆயினும் 'மதரஸா' என்னும் பெயரைத் தாங்கிய அந்நிலையத்திலிருந்து தஃப்ஸீரும் உஸூலும் மெல்ல விடைபெற்றன. பெயர் எஞ்சியது, பஹ்ருல் உலூமின் மரபு எஞ்சவில்லை.

இதற்குக் காரணம் எவருடைய தீய எண்ணமும் அன்று. பொருள் தருவோரே பாடத்தைத் தீர்மானிப்பர் என்னும் எளிய விதியே காரணம். 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையின்படி அரசு மானியம் உலகியற் பாடங்களுக்கே வழங்கப்பட்டது. ஆய்வாளர் வந்து சோதிப்பதும் அவற்றையே. மார்க்க போதனை பள்ளி நேரத்திற்கு வெளியே தள்ளப்பட்டது. 'மாலை மக்தப்' என்று இன்று நாம் அறியும் ஏற்பாட்டின் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது.

வேலூர் காத்த மறுபாதி

ஒரு பாதி இவ்வாறு சென்றபோது மறுபாதியைக் காக்க முன்வந்தவர் வேலூர் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (மறைவு 1919). 'அஃலா ஹஜ்ரத்' என்று போற்றப்படும் அப்பெரியார் தம் இல்லத்திலேயே தொடங்கிய பாடவகுப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'அல்பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்' அரபுக் கல்லூரியாக மலர்ந்தது. வடக்கே 1866இல் தேவ்பந்த் மதரஸா தோன்றியபோது, அரசின் பொருளைச் சாராமல் பொதுமக்களின் சிறு நன்கொடையைச் சார்ந்திருப்பதே கல்வியின் சுதந்திரத்தைக் காக்கும் என்று அதன் நிறுவனர் மௌலானா காஸிம் நானோத்தவி கருதினார். நவாபுகளும் ஜாகீர்களும் மறைந்துவிட்ட தெற்கிலும் பொதுமக்களின் கொடையே மதரஸாவின் உயிர்நாடி ஆயிற்று.

இன்று தமிழகத்தில் 'பாக்கவி' என்னும் பட்டத்தைத் தாங்கியவர் இல்லாத ஊரைக் காண்பதரிது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வரை அப்பட்டம் சென்றுள்ளது. நீடூர் மிஸ்பாஹுல் ஹுதா, லால்பேட்டை மன்பவுல் அன்வார், சென்னை பெரம்பூர் ஜமாலிய்யா எனப் பல நிலையங்கள் இப்பணியில் பங்கேற்றன. திருக்குர்ஆனுக்கு முதன்முதலாக முழுமையான தமிழாக்கம் தந்த ஆ.கா. அப்துல் ஹமீது பாக்கவி, இம்மரபில் வந்தவரே. மதரஸா நவீனத் தமிழுக்கு ஒன்றும் தரவில்லை என்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆனால் இக்காப்புக்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. உத்தியோகம் வேறு வாயிலில் கிடைத்ததால், மதரஸாவுக்கு வருபவர் மார்க்கப் பணியை மட்டுமே நாடினர். எனவே கணிதமும் வானியலும் பயனற்றவையாகத் தோன்றிப் பாடத்திட்டத்தில் சுருங்கின. நெருக்கடியான காலத்தில் எதனைக் காப்பது என்னும் கேள்விக்கு உலமாக்கள் ஹதீஸையும் ஃபிக்ஹையும் தேர்ந்தெடுத்தனர். வீடு தீப்பற்றியபோது கைக்கு எட்டிய அரும்பொருளை எடுத்துக்கொண்டு வெளியேறியவனை, ஏனையவற்றை ஏன் விட்டாய் என்று எவரும் கேட்பதில்லை. தீ அணைந்து நெடுநாளான பின்னும் அவன் வீடு திரும்பாதிருந்தால்தான் கேட்கத் தோன்றும்.

ஆக, உம்தா பாக் ஒரு பாதியையும் வேலூர் மறுபாதியையும் பெற்றன. ஒன்றாக இருந்த கல்வி ஐம்பது ஆண்டுகளுக்குள் இரண்டாயிற்று.

மீண்டும் இணைக்க முயன்றோர்

இப்பிளவை உணர்ந்து அதனைச் சரிசெய்ய முயன்றவர்களின் வரலாறு நமக்குப் பெருமை தருவது. வடாற்காட்டுத் தோல் வணிகர்கள் இதில் முன்னின்றனர். 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி தோன்றிற்று. 1924இல் காக்கா முஹம்மது உமர் ஸாஹிப் உமராபாத்தில் ஜாமியா தாருஸ்ஸலாமை நிறுவினார். மத்ஹபுச் சண்டைகளுக்கு இடந்தராமை, அரபு மொழியைப் பேச்சாற்றலோடு கற்பித்தல், ஆங்கிலத்தையும் உலகியல் அறிவையும் உடன் சேர்த்தல் ஆகியன அதன் நோக்கங்கள். 'உமரி' என்னும் பட்டத்தோடு பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றவர் பலரை நாம் அறிவோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைப் பட்டத் தேர்வுகளில் 'அஃப்ளலுல் உலமா' அரபுக்குரியது. மதரஸாவில் கற்ற அரபுப் புலமைக்கு நவீனப் பல்கலைக்கழகம் தந்த ஏற்பு அது. கர்நூலைச் சேர்ந்த டாக்டர் அப்துல் ஹக் அவர்களை 'அஃப்ளலுல் உலமா' என்னும் அடைமொழியோடுதான் தென்னகம் அறியும். அரசு முஹம்மதியக் கல்லூரி, மாநிலக் கல்லூரி ஆகியவற்றின் முதல்வராகப் பணியாற்றிய அவர், 1947இல் கர்நூலில் உஸ்மானியாக் கல்லூரி தோன்றக் காரணரானார். அவர் பெயரால் அங்கு இன்று ஓர் உருதுப் பல்கலைக்கழகம் உள்ளது. சென்னைப் பல்கலைக்கழக அரபு, பாரசீக, உருதுத் துறைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் முஹம்மது ஹுஸைன் நயினார், வாலாஜா நவாபுகளின் பாரசீக வரலாற்று நூல்களை 1934 முதல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அரபுப் புவியியலாளர் தென்னிந்தியாவைப் பற்றி அறிந்தவற்றை 1942இல் தனி நூலாக்கினார். பழைய மொழிப் புலமையும் புதிய ஆய்வு நெறியும் ஒருவரிடம் சேரும்போது என்ன விளையும் என்பதற்கு இவர்கள் எடுத்துக்காட்டு.

கடல் கடந்தும் நோக்குவோம். இலங்கையில் அறிஞர் சித்தி லெப்பை (1838-1898), 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி முஸ்லிம்களின் கல்விக்காக வாதாடினார். நாடு கடத்தப்பட்டு அங்கு வாழ்ந்த எகிப்தியத் தலைவர் உராபி பாஷா அவருக்கு ஊக்கமளித்தார். 1892இல் கொழும்பு மருதானையில் 'அல்மதரஸத்துஸ் ஸாஹிரா' என்னும் பெயரில் எழுந்த நிலையமே பின்னாளில் புகழ்பெற்ற ஸாஹிராக் கல்லூரி ஆயிற்று. டி.பி. ஜாயா, ஏ.எம்.ஏ. அஸீஸ் போன்றோர் அதன் முதல்வர்களாக விளங்கினர். அங்கும் மதரஸா என்னும் பெயரிலிருந்தே நவீனக் கல்வி பிறந்தது.

சென்னையில் 1902இல் உருவான தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951இல் புதுக் கல்லூரியைத் தந்தது. நீதிபதி பஷீர் அஹ்மது ஸயீது 1955இல் மகளிருக்கெனக் கல்லூரி கண்டார். வண்டலூரில் பி.எஸ். அப்துர் ரஹ்மான் 1984இல் பொறியியல் கல்லூரியை நிறுவினார். அவ்வளாகத்தைச் சார்ந்தே புகாரி ஆலிம் அரபுக் கல்லூரியும் இயங்கலாயிற்று. ஆலிம் பாடமும் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பும் ஒரே மாணவனுக்கு இயலும் என்பதை அது காட்டிற்று.

இம்முயற்சிகள் அனைத்தும் உயர்கல்வியைச் சார்ந்தவை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பர். அடித்தளமாகிய மக்தபை எவரும் அவ்வளவாகத் தொடவில்லை. இன்றைய சிக்கலோ அங்கேதான் இருக்கிறது.

மேற்குப் புறநகரின் மாலை வேளை

சென்னையின் மேற்குப் புறநகர் தொழிலால் வளர்ந்த பகுதி. 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை வந்தது. 1960களின் தொடக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்தன. வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ் பேசும் முஸ்லிம்களும், வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்த உருது பேசும் முஸ்லிம்களும், கேரளத்திலிருந்து வந்தோரும் இங்கு அண்டை வீட்டாராயினர். பூவிருந்தவல்லிப் பள்ளிவாசலுக்கு மூன்றரை நூற்றாண்டைக் கடந்த வயது. புதிய குடியிருப்புகளின் பள்ளிவாசல்கள் பலவற்றிற்கோ ஒரு தலைமுறை வயதுதான்.

இங்கு முழுநேர மதரஸாவில் பயில்வோர் மிகச் சிலர். நாடு முழுவதற்குமே இது பொருந்தும். 2006இல் வெளிவந்த நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை, பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே மதரஸாக்களில் பயில்வதாகக் கண்டது. முழுநேர மதரஸாவையும் அக்கம்பக்கத்து மக்தபையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதே மிகையான கணக்குகளுக்குக் காரணம் என்றும் அது சுட்டிற்று. தமிழகத்தின் நிலையோ இன்னும் நம்பிக்கைக்குரியது. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு. மாநிலத்தின் பொதுச் சராசரியாகிய 73.5 விழுக்காட்டை விடவும் இது மிகுதி.

ஆகவே, 'மதரஸா முஸ்லிம்களின் கல்வியைத் தடுக்கிறது' என்னும் வாதம் இங்கு எடுபடாது. நம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பிள்ளைகளின் மார்க்கக் கல்வி எந்நிலையில் உள்ளது?

காலையில் பள்ளி, மாலையில் தனிப்பயிற்சி, இரண்டுக்கும் இடையில் ஒரு மணி நேரம் மக்தப். ஆறு வயதுச் சிறுவனும் பதின்மூன்று வயதுச் சிறுமியும் ஒரே பாயில் அமர்கின்றனர். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குச் சில இடங்களில் உருது வழியாக அரபு எழுத்து சொல்லித் தரப்படுகிறது. உஸ்தாது ஒருவரே இமாமத், பாங்கு, ஜனாஸா, நிக்காஹ் ஆகிய யாவற்றையும் பார்த்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளுக்கும் ஓதிக்கொடுக்க வேண்டும். அவருக்கு வழங்கப்படும் ஊதியத்தைச் சொல்லவே நாணுகிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளை மக்தபிலிருந்து விடைபெறுகிறது. உயிரியலும் இயற்பியலும் பதினெட்டு வயதுக்குரிய அளவில் கற்ற இளைஞன், மார்க்கத்தை மட்டும் பத்து வயதுக்குரிய அளவில் அறிந்தவனாக வாழ்க்கைக்குள் நுழைகிறான். இதன் விளைவுகளைக் கடந்த சில பத்தாண்டுகளில் நாம் கண்டே வருகிறோம்: ஒரு சாரார் மார்க்கத்தைச் சிறுபிள்ளைத்தனம் என ஒதுக்குகின்றனர், வேறு சிலர் ஆசிரியரின்றித் துணுக்குகளைப் பொறுக்கித் தாமே முஃப்தி ஆகின்றனர்.

மறுபுறம், பன்னிரண்டு வயதில் முழுநேர மதரஸாவில் சேர்ந்த ஏழைச் சிறுவன், ஏழாண்டு உழைத்து ஆலிம் ஆகிறான். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லையேல், அரசின் கண்ணில் அவன் கல்லாதவன். இமாமத் ஒன்றே அவனுக்குத் திறந்த வாயில். மதரஸாவின் வாசலில் அவனைக் கொண்டுவந்து விட்டவர் பெரும்பாலும் செல்வந்தர் அல்லர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் காஜியையும் கணக்கரையும் ஒருசேர உருவாக்கிய கல்வி, ஒரு சமூகத்தின் ஏழைகளுக்கு மட்டும் உரியதாகச் சுருங்குவது வருந்தத்தக்கது.

சட்டம் விட்ட இடமும் நம் பொறுப்பும்

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் சமயக் கல்வியையே முதன்மையாக அளிக்கும் நிலையங்களையும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. இது ஒரு பாதுகாப்பு, ஐயமில்லை. அத்துடன் ஒரு பொறுப்பும் நம் தோளில் ஏறியது. சட்டம் கேட்காத கேள்வியை இனி நாமே நம்மிடம் கேட்டாக வேண்டும்.

உத்தரப்பிரதேசத்தின் 2004ஆம் ஆண்டு மதரஸாக் கல்வி வாரியச் சட்டத்தை அலகாபாத் உயர்நீதிமன்றம் 2024 மார்ச்சில் செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் 2024 நவம்பர் 5ஆம் நாள் அத்தீர்ப்பை மாற்றிச் சட்டத்தை நிலைநிறுத்தியது. சிறுபான்மையினரின் நிலையங்களை அவற்றின் தன்மை சிதையாமல், கல்வித் தரத்தின் பொருட்டு அரசு நெறிப்படுத்தலாம் என்றது. ஆனால் காமில், ஃபாஸில் ஆகிய உயர்நிலைப் பட்டங்களை வாரியம் வழங்குவது பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்திற்கு முரண் என்று அப்பகுதியை மட்டும் நீக்கியது. தமிழகத்தில் இத்தகைய வாரியம் இல்லை. எனவே அத்தீர்ப்பு நம் அரபுக் கல்லூரிகளை நேரே தொடுவதில்லை. எனினும் அது தரும் பாடம் நமக்கும் உரியது. நாம் தரும் ஸனது மார்க்கத்தில் எத்துணை உயர்ந்ததாயினும், பல்கலைக்கழகத்தோடு இணைப்பின்றி அது பட்டமாகாது.

செய்யக் கூடியவை

வரலாறு காட்டும் வழியில் மூன்று செய்திகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, மக்தபைச் சீர்செய்தல். கேரளத்தில் 1951இல் தோன்றிய ஸமஸ்தாவின் மார்க்கக் கல்வி வாரியம், பள்ளி நேரத்தைத் தொடாமலேயே மதரஸாவை வகுப்புகளாகப் பிரித்து, தாய்மொழியில் பொதுப் பாடநூல்களும் பொதுத் தேர்வும் ஏற்படுத்தியது. அங்கு மருத்துவம் பயிலும் மாணவியும் மதரஸாவின் மேல் வகுப்புவரை கற்றவளாக இருப்பது அரிதன்று. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிப் பள்ளிவாசல்கள் ஒன்றுகூடினால் இதனை இங்கும் தொடங்கலாம். தனித்தனியே இயலாத வகுப்புப் பிரிப்பு, நான்கைந்து ஜமாஅத்துகள் சேர்ந்தால் இயலும். பாடம் தமிழில் அமையட்டும். உருது விரும்புவோருக்கு அதுவும் இருக்கட்டும்.

இரண்டாவது, எந்த மதரஸா மாணவனும் பத்தாம் வகுப்புச் சான்றிதழின்றி ஆலிம் பட்டம் பெறாதிருத்தல். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 1989இல் நிறுவப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வு வாயில் திறந்தே உள்ளது. அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 2013இல் மதரஸாப் பட்டதாரிகளுக்கென ஓராண்டு இணைப்புப் படிப்பைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்தோர் சட்டம், சமூக அறிவியல் முதலிய துறைகளுக்குச் சென்றனர். ஏழாண்டு நஹ்வும் மன்திக்கும் கற்ற மூளைக்கு ஓராண்டில் இயலாதது சிறிதே.

மூன்றாவது, உஸ்தாதின் ஊதியம். 1854இல் மானியம் தந்தவர் பாடத்தைத் தீர்மானித்தார் என்று கண்டோம். இன்று மானியம் தருபவர் நாமே. மினாராவுக்கும் பளிங்குக்கும் தருவதில் ஒரு பங்கினை ஆசிரியருக்குத் திருப்பினால், தகுதியும் பயிற்சியும் உடைய ஆலிம் மக்தபுக்கு வருவார். நவாப் வாலாஜா பெரிய பள்ளிவாசலைக் கட்டினார். அத்தோடு நில்லாமல் லக்னோவின் மிகச் சிறந்த ஆசிரியரைத் தேடி வரவழைத்து மதரஸாவும் தந்தார். கட்டடத்தைக் காண இன்று பலர் வருகின்றனர். அவர் வரவழைத்த ஆசிரியர் அதன் அருகிலேயே உறங்குகிறார்.

மதரஸா நவீனக் கல்விக்கு என்ன செய்தது என்று வினவுவோருக்கு உம்தா பாகும் மருதானையும் விடை கூறும். அது தன் மார்க்கத்திற்கு என்ன செய்தது என்பதற்கு வேலூர் விடை கூறும். இவ்விரு விடைகளும் மீண்டும் ஒரே பாயில் அமர வேண்டும். மஃரிபுக்கு முந்திய அந்த ஒரு மணி நேரத்தில், புறநகரின் ஏதோ ஒரு பள்ளிவாசலில், அது தொடங்கக் கூடும். அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக.